மெட்ராஸ் லைனின் முள்

குமாரு,

உன் இன்லேண்டு லெட்டர் வந்தது. "குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு, சாமான்களை யாருக்காவது கொடுத்துவிடு, வசந்தியும் இதையேதான் சொல்கிறாள்" என்று மூன்று வரி. மீதி இடமெல்லாம் வெறும் நீலம். தபால் இலாகா அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது, பெற்றவளுக்கு எழுத அதில் உனக்கு ஒன்றுமில்லை. உன் அப்பாவும் இப்படித்தான். ஊருக்குப் போன இடத்திலிருந்து கடிதம் போட்டால் பவர் ஹவுஸில் ரீடிங் எழுதுகிற மாதிரி, "நலம். சாப்பிட்டேன். மழை இல்லை" என்று எழுதுவார். எனக்கு அது வராது. தவிர, எனக்குப் பேசவும் இங்கே ஆளில்லை, அதனால் இது நீளும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு வசந்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. நம் வீட்டு மருமகளுக்குத் தெரியக்கூடாதது இதில் எதுவுமில்லை. உங்கள் ஹவுஸ் ஓனர் படித்தால்கூட எனக்குக் கவலையில்லை.

முதலில் நெய்வேலி நிலவரத்தைச் சொல்கிறேன். உன் அப்பா ஆடியில் போனார், இப்போது மார்கழி. தை பிறந்ததும் வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். பாவம், அவர்களும் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்கள். நம் வரிசை பழைய வரிசை, கூரை ஒழுகுகிறது என்பதால் ஒரு வீடு காலியானால் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை. ரிடையர் ஆனவர்கள் ஒவ்வொருவராகச் சொந்த ஊர் பார்க்கப் போனார்கள். கடைசியாக மூலை வீட்டுக்காரர்கள் தீபாவளி கழித்து லாரி ஏற்றினார்கள். இப்போது இந்த வரிசையில் நான் ஒருத்திதான். காலையில் தனம் பால் ஊற்றிவிட்டுப் போனால் அன்றையப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு ரேடியோ பேசும், நான் கேட்பேன். சில சமயம் நான் பேசுவேன், ரேடியோ கேட்கும். பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் காய் பறிக்க ஆளில்லாமல் முற்றித் தொங்குகிறது. எனக்குப் பறிக்கவும் மனசில்லை, ஒருத்திக்கு எவ்வளவு சாம்பார் வைப்பது?

நீ கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். அம்மா சுற்றி வளைக்கிறாள் என்று முகத்தைச் சுளிக்காதே. நீ மெட்ராஸுக்கு வேலைக்குப் போன வருஷம் நான் ஒரு நாவல் எழுதினேன். "மிச்ச ஊர்" என்று பெயர். இந்த பிளாக்கே அதைப் படித்தது, நீ ஒருவன்தான் படிக்கவில்லை. லீவுக்கு வந்தபோது, "என்னம்மா, நீ கதையெல்லாம் எழுதுறியாமே" என்று சிரித்துவிட்டுச் சினிமாவுக்குப் போய்விட்டாய். போகட்டும், அந்த வயசு அப்படி.

அந்தக் காலத்தில் பேப்பரைத் திறந்தால் அணுகுண்டுதான். எந்த நாட்டிடம் எத்தனை, எது எவ்வளவு தூரம் பாயும் என்று படம் போட்டிருப்பார்கள். ஒருநாள் சாப்பிடும்போது உன் அப்பாவைக் கேட்டேன், "மெட்ராஸ்ல ஒண்ணு போட்டா நம்ம பிள்ளை என்ன ஆவான்?" என்று. நீ போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அவர், "நெய்வேலிக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். "கரி நம்மகிட்ட இருக்கு. தண்ணிய நாமதான் பூமிக்குள்ளருந்து இறைச்சுக் கொட்டிக்கிட்டிருக்கோம். கரண்ட் நம்மளது. உலகமே இல்லாமப் போனாலும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ஆள் வந்துட்டாப் போதும், ஊரு ஓடும்." சொல்லிவிட்டு மோர் கேட்டார். நான் கேட்டது பிள்ளையைப் பற்றி, இந்த மனுஷன் ஷிஃப்டைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கோபத்தில்தான் மறுநாள் பேனாவை எடுத்தேன்.

மகளிர் மன்றத்தில் அப்போது ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அச்சு கிடையாது. கதை, கோலம், சமையல் குறிப்பு எல்லாவற்றையும் கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் வெள்ளைத்தாளில் எழுதி, நூலால் தைத்துப் பழுப்பு அட்டை போட்டால் ஒரு இதழ். மொத்தமே ஒரே ஒரு பிரதிதான். அது வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் கொஞ்சம் வெற்றுத்தாள் விட்டிருப்போம், படித்தவர்கள் கருத்து எழுதுவதற்கு. எழுதாமல் தள்ளிவிட்டால் சுலோசனா விடமாட்டாள். எதிர் வரிசைக் கோயம்புத்தூர்க்காரி, அவள்தான் ஆசிரியர். இதழ் சுற்றி முடித்துத் திரும்பி வரும்போது எல்லா வீட்டுச் சமையலும் அதில் மணக்கும்.

குண்டு விழுவதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, நான் எங்கே பார்த்தேன். அதனால் குறிஞ்சிப்பாடி பஸ் வரவில்லை என்று கதையைத் தொடங்கினேன். அடுத்த பஸ்ஸும் வரவில்லை. கடலூர் பஸ்ஸும் வரவில்லை. ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்கிறது. பேப்பர் வரவில்லை, தபால் வரவில்லை. பெரிய ஊர்கள் எல்லாம் போய்விட்டன, இந்த டவுன்ஷிப் மட்டும் மிச்சம் என்று மெல்ல மெல்லத்தான் ஜனங்களுக்குப் புரிகிறது. முதல் இதழ் சுற்றி வந்தபோது சுலோசனா கருத்துப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: "உலகமே அழிந்த பிறகும் உங்கள் ஆட்கள் காலையில் காபி குடிக்கிறார்கள். கொட்டை எங்கிருந்து வருகிறது?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த அத்தியாயத்தில் காபியை முழுசாகத் தீர்த்துவிட்டேன். அதைப் படித்துவிட்டு வருத்தப்பட்டவர்கள்தான் அதிகம். பிளாக்கில் இருப்பவர்களையே கதையில் போட்டிருந்தேன், அதனால் ரேஷன் கடையில் நின்றால் யாராவது வந்து காதோடு, "அக்கா, என்னைச் சாகடிச்சுடாதீங்க" என்பார்கள். இரண்டு பேர் சண்டை போட்டிருந்தால், "அவளைத் தூக்கிடுங்க" என்பார்கள். எனக்கு அந்த வருஷம் இருந்த மவுசு உனக்குத் தெரியாது.

தனத்துக்குப் படிக்க வராது. பால் ஊற்ற வரும்போது அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள், நான் படித்துக் காட்டுவேன். ஒருநாள் பாதியில் எழுந்துவிட்டாள். "நானும் கேட்டுகினேதான் இருக்கேன். ஏங்க்கா, குண்டு போட்டா குவார்ட்டர்ஸ்காரங்க மட்டுந்தான் பொழைப்பாங்களா? வடக்குத்துல நாங்கல்லாம் செத்துப் போயிட்டமா?" என்றாள். டவுன்ஷிப்பை ஒட்டியே இருக்கிற அவள் ஊரை நான் கதையில் சேர்க்கவே இல்லை. அவள் விடவில்லை. "கம்பி எங்க தலைக்கு மேலதான் போவுது. எங்க வூட்ல இன்னும் சிம்னி வெளக்குதான் எரிஞ்சிகினு கெடக்குது. கதையிலயாச்சும் ஒரு லைட்டு குடுங்களேன்" என்று சொல்லிவிட்டுப் பால் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் புருஷன் அப்போது மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள், பெர்மனென்ட் ஆகவில்லை. சுரங்கத்துக்குப் போன நிலத்தில் அவர்களுடையதும் உண்டு. எனக்கு அது தெரியும், கதை எழுதும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த இதழில் வடக்குத்து ஜனங்கள் நெல்லு மூட்டையோடு டவுன்ஷிப் வாசலில் வந்து நின்றார்கள். வெறுமனே வரவில்லை, கணக்குத் தீர்க்க வந்தார்கள். "எங்க நெல்லு உங்களுக்கு, உங்க லைட்டு எங்களுக்கு. சம்மதம்னா மூட்டைய எறக்கறோம்" என்று ஒரு பெண் பேசினாள், அவளுக்குத் தனத்தின் குரலையே கொடுத்தேன். டவுன்ஷிப்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டம் போட்டார்கள், பசி வந்ததும் ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் கதைக்கு உயிர் வந்தது. நெல்லிக்குப்பத்து ஆலையில் சர்க்கரை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வர வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். பலாப்பழத்தையும் முந்திரியையும் வைத்துக்கொண்டு கல்யாணம் நடத்தினார்கள். சம்பளம் கொடுக்க ஆளில்லை, ஆனாலும் மூன்று ஷிஃப்டும் நடந்தது. சுரங்கத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்குமல்லவா, பம்பை நிறுத்தினால் கரி முழுகிவிடும். கரி இல்லாவிட்டால் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாவிட்டால் பம்ப் இல்லை. அதனால் யாரும் லீவு போட முடியாது.

கதாநாயகி பெயர் ராஜம். கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்த புருஷன் இறந்ததும் அவன் நாற்காலியில் இவள் உட்காருகிறாள். அவளை விதவையாக எழுதியபோது நான் யோசிக்கவே இல்லை, அப்போது அது வெறும் கதை. அவள் முன்னால் இருக்கிற பலகையில் ஒரு மீட்டர். மெட்ராஸுக்குப் போகிற லைனின் மீட்டர் அது. மெட்ராஸ் போய்விட்டது, லைனில் கரண்ட் எடுப்பார் யாருமில்லை, முள் அடியில் படுத்துக் கிடக்கிறது. எதற்கு வெட்டியாக அந்த லைனை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அறுத்துவிடலாம் என்கிறார்கள் ஆண்கள். ராஜம் விடவில்லை. அவளுக்கு மெட்ராஸில் ஒரு மகன், மாடியில் ஒற்றை அறையில் இருந்தவன். "அவன் எப்படியாச்சும் பிழைச்சு ரூமுக்கு வந்து சுவிட்சைப் போட்டா, லைட் எரியணும். எரிஞ்சா இங்க முள் அசையும். அசைஞ்சா நான் பார்ப்பேன்" என்கிறாள். அந்தப் பையனுக்கு நான் பெயர் வைக்கவில்லை. பிளாக்கில் யாரும் பெயர் கேட்கவுமில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அந்த இதழ் சுற்றித் திரும்பியபோது கருத்துப் பக்கத்தில், பெண்கள் எழுத்துக்கு நடுவில் ஒரு கட்டையான கையெழுத்து இருந்தது. "ஒரு பல்புக்கு முள் அசையாது. ஒரு பேட்டை முழுக்க லைட் போட்டால் கொஞ்சம் அசையலாம்." கையொப்பம் இல்லை. கையொப்பம் எதற்கு, அந்த எழுத்தை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். சுலோசனா என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க்கா, லேடீஸ் பத்திரிகையில ஆம்பளைங்களுக்கு என்னுங்க வேலை?" என்று கத்தினாள். எனக்கு அது பெரிசாகப் படவில்லை. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றக்கூட விடாமல் கேட்டேன், "அப்போ ஒத்தைப் பிள்ளை ஒரு ரூம்ல பிழைச்சுக் கிடந்தா இங்க இருக்கிற யாருக்கும் தெரியவே தெரியாதா?" என்று. "தெரியாது. மீட்டர் அப்படித்தான். நீ வேணும்னா கதையில மாத்திக்க" என்றார். மாற்றிக்கொள்ளவாம். உண்மை இதுதான் என்று தெரிந்த பிறகு எப்படி மாற்றுவது? பல நாள் தட்டை வைப்பேன், நகர்ந்துவிடுவேன்.

அதோடு கதை நின்றுவிட்டது. முள் அசையாது என்றால் ராஜம் என்ன செய்ய வேண்டும்? ஊரை விட்டுவிட்டு மெட்ராஸைப் பார்க்க நடக்க வேண்டும். நடந்து போய் அங்கே என்ன பார்ப்பாள்? அதை எழுத என்னால் ஆகவில்லை, குமாரு. ஊர் உலகத்தையே ஒரு வரியில் அழித்தவளுக்கு அந்த ஒற்றை அறைக் கதவைத் திறக்கத் தைரியமில்லை. வெற்றுத்தாள் முழுக்க ஆளாளுக்கு எழுதினார்கள், போகட்டும் என்று பாதிப் பேர், இருக்கட்டும் என்று பாதிப் பேர். தனம் வாயால் சொன்னாள்: "போவக்கூடாதுங்க. இவ போயிட்டா, அந்தப் புள்ள தேடிகினு வந்தா வூட்ல ஆரு இருப்பா?" நல்ல கேள்விதான். ஆனாலும் நான் எழுதவில்லை. பிறகு டி.வி. வந்தது, பத்திரிகை நின்றது, சுலோசனா வீட்டில் ரிடையர் ஆகிக் கோயம்புத்தூர் போனார்கள். பஸ் ஏறும்போது, "அந்தப் பையன் இருக்கானா இல்லையான்னு சொல்லாமயே அனுப்பறீங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனம் மட்டும் இன்றைக்கும், "புள்ள இன்னா ஆனான்க்கா?" என்று பாலை ஊற்றிக்கொண்டே கேட்பாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போனபோது வந்தாய், செய்ய வேண்டியதை எல்லாம் முறையாகச் செய்தாய், காரியம் முடிந்ததும் லீவு இல்லை என்று கிளம்பினாய். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். இருந்தாலும் வேலைக்குப் போகிற ஆண்பிள்ளைகளோடேயே வாழ்ந்தவள் நான், லீவு இல்லை என்றால் இல்லைதான் என்று எனக்குத் தெரியும். புரட்டாசியில் நீயே வந்து என்னை அழைத்துப் போனாய். அதை நான் மறக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கொடுத்தாய், விழுப்புரத்தில் இறங்கி டீ வாங்கி வந்தாய். வசந்தியும் நல்ல பெண். எனக்காகக் கட்டிலைக் காலி செய்து கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள்.

உங்கள் வீட்டில் மூன்றாம் நாள் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், அதை நாம் பேசாமலேயே மூடிவிட்டோம். நீயும் அவளும் ஆபீஸிலிருந்து வருவதற்குள் பலகாரம் செய்து வைப்போம் என்று, இங்கிருந்து கொண்டுபோன கரண்ட் அடுப்பை மாட்டினேன். இருட்டுகிற நேரமாயிற்றே என்று முன்னறை, பின்னறை, மாடிப்படி, வாசல் எல்லா லைட்டையும் போட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருட்டாக இருந்தால் எனக்கு ஆகாது. இங்கே நாம் அப்படித்தானே இருந்தோம், கரண்டைப் பற்றி யார் யோசித்தது? கீழே ஏதோ படீரென்றது. உங்கள் பில்டிங் முழுக்க இருட்டு. ஹவுஸ் ஓனர் டார்ச்சோடு மேலே வந்து அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, இது என்ன உங்க அப்பன் வீட்டுக் கரண்டா?" என்றார். அப்பன் வீட்டுக் கரண்ட் இல்லை, என் புருஷன் வீட்டுக் கரண்ட் என்று நெஞ்சு நிறையப் பதில் இருந்தது, அப்போதுதான் ஆபீஸிலிருந்து படியேறி வந்த வசந்தி முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவள் படியில் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், ரொம்பக் களைத்த குரலில், "அம்மா, இது நெய்வேலி இல்லம்மா" என்றாய்.

நீ கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அங்கே இருந்த நாளெல்லாம் நீங்கள் வருகிறவரைக்கும் லைட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். யாரும் போடாதே என்று சொல்லவில்லை, எனக்கே கை போகவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, படியில் காலடி கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வசந்திக்கு இதைச் சொல்லு, அவள் மேல் எனக்கு ஒரு தூசிகூட இல்லை. வாடகை வீட்டில் குடித்தனம் செய்கிற பெண் ஹவுஸ் ஓனரிடம் அப்படித்தான் பேச முடியும். நீயும் அந்த மாதிரி நேரத்தில் அம்மா பக்கமும் பேசாதே, அவள் பக்கமும் பேசாதே, முதலில் இறங்கிப் போய் ஃப்யூஸைப் போடு. ஈ.பி.க்குக் கரண்ட் கொடுத்தவன் பிள்ளைக்கு அது தெரிய வேண்டாமா?

நான் இங்கே திரும்பி வந்த பிறகு துரைசாமி வந்திருந்தார். அப்பாவோடு கண்ட்ரோல் ரூமில் ஒரே ஷிஃப்டில் இருந்தவர், உனக்கு ஞாபகம் இருக்கும், மூக்குப்பொடி போடுவார். அப்பாவின் டிபன் கேரியரும் ஒரு ஸ்வெட்டரும் அங்கேயே தங்கிவிட்டன என்று கொண்டுவந்தார். காபி கொடுத்தேன். பேச்சுவாக்கில், "உங்க பையன் எப்படி இருக்காப்ல அண்ணி? தம்பி ரூமுக்கு வர்ற நேரம் எங்க ஷிஃப்ட்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "செகண்ட் ஷிஃப்ட்ல இருந்தா, பொழுது சாயற நேரம் அண்ணன் எழுந்து மெட்ராஸ் லைன் மீட்டர்கிட்டப் போய் நின்னுக்குவார். அங்க ஊர்ல லைட் போட ஆரம்பிச்சதும் முள் ஏறும்ல? கண்ணாடியை விரலால ஒரு தட்டு தட்டி, 'பாரு துரை, எம்புள்ள ரூமுக்கு வந்துட்டான், லைட்டைப் போட்டுட்டான்'ம்பார். முள் சரியா ஏறாத அன்னிக்கு, 'இன்னிக்கு ஓவர்டைம் போல'ம்பார். நாங்க கிண்டல் பண்ணுவோம். அவர் விடமாட்டார், தினமும் பார்த்துட்டுத்தான் டீ குடிப்பார்."

குமாரு, நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். துரைசாமி அங்கிருந்தே, "அண்ணி, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பல்புக்கு முள் அசையாது என்று ஊரார் படிக்கிற பத்திரிகையில் எழுதிவிட்டு, தினமும் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டார். நீ போஸ்ட் கார்டு போட்டால் ஒருமுறை படித்துவிட்டு ஆணியில் குத்திவிடுவார், பாசமில்லாத ஜன்மம் என்று நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். அவர் கேட்கும்படியே திட்டியிருக்கிறேன். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து உன்னை நினைத்திருக்கலாமே. அவர் அங்கே நின்று பார்த்தார், நான் இங்கே வாசலில் நின்று பார்த்தேன். உனக்கு நான் சொல்கிற புத்திமதி ஒன்றே ஒன்றுதான். நினைத்தால் வாயைத் திறந்து சொல்லிவிடு. வசந்தியிடமும் சொல்லு. உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொள், இதைக் கற்றுக்கொள்ளாதே.

இந்த மார்கழியில் "மிச்ச ஊர்" கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். படிக்க மகளிர் மன்றமும் இல்லை, சுலோசனாவும் இல்லை, இருந்தாலும் எழுதினேன். பொழுது சாய்கிற நேரம், ராஜம் மீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். முள் அசைகிறது. ரொம்ப இல்லை, ஒரு மயிரிழை. ஆண்கள் வந்து பார்த்துவிட்டு, லைனில் ஏதோ கோளாறு, ஒரு பல்புக்கெல்லாம் அசையாது என்கிறார்கள். அவள் கண்ணாடியை விரலால் தட்டுகிறாள். முள் கீழே விழவில்லை, அங்கேயே நிற்கிறது. அது அவள் மகனா, வேறு யாராவதா என்று அவளுக்குத் தெரியாது. யாரோ ஒருத்தர் வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டிருக்கிறார்கள். அவள் ஷிஃப்டை விட்டு எழுந்திருக்கவில்லை, ஊரும் லைனை அறுக்கவில்லை. மறுநாள் காலையில் தனத்தை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். "அப்போ இருக்கறான்" என்றாள். "இருக்கான்" என்றேன். "அதான, நான் அப்பவே சொன்னேன்" என்று தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ராஜத்துக்கு அது போதும், அவள் கதையில் வருகிறவள். எனக்குப் போதாது.

நான் மெட்ராஸுக்குக் குடிவரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். தனிமை எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் உன் வீட்டில், நீங்கள் இரண்டு பேரும் வருகிறவரைக்கும் இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. தனம் புருஷன் பெர்மனென்ட் ஆகி வடக்குத்தில் தளம் போட்டு வீடு கட்டிவிட்டான். பின்பக்கம் ஒரு அறை, தனியாக அடுப்படி. "வாங்கக்கா, எங்க வூட்டாண்ட வந்துடுங்க, இப்பதான் லைட்டெல்லாம் கீதே" என்று கூப்பிடுகிறாள். எனக்கும் அந்தக் கதையை முதலிலிருந்து நன்றாகத் திருத்தி எழுத வேண்டும், கேட்க ஆள் வேண்டும். தினமும் யாராவது வந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டால் நான் நன்றாகவே இருப்பேன். உங்கள் வீட்டுக்கு வருவேன், பத்து நாள் இருப்பேன், உங்கள் ஹவுஸ் ஓனரையும் பார்த்துவிட்டு வருவேன். குடியிருப்பது மட்டும் இங்கேதான்.

சாவியை ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நீ வர வேண்டும். நீ தவழ்ந்த வீடு, சொல்லிக்கொண்டு போக வேண்டாமா? சாமான் கட்ட ஆள் கிடைக்கும், அதற்கு உன்னைக் கூப்பிடவில்லை. போகிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் பஸ் ஏறு. வசந்தியையும் கூட்டிக்கொண்டு வா, முருங்கைக்காய் வண்டி வண்டியாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இருட்டியிருக்கும். இந்தப் பக்கம் தெரு விளக்கும் சரியாக எரிவதில்லை, எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும், இருட்டில் வருகிறவனுக்கு அடையாளம் தெரியுமோ தெரியாதோ என்று கவலைப்படாதே. முன்னறை, பின்னறை, வாசல், கொல்லை எல்லா லைட்டையும் போட்டு வைத்திருப்பேன். இந்த வரிசையில் எரிகிற வீடு ஒன்றுதான்.

அம்மா